எங்கள் முன்வளவில் போர்ட் நட்டவர்

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு முன்வளவுப் புல்லில் தேர்தல் போர்ட் நட வந்தவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. மெலிந்த உடம்பு, கையில் அதற்குப் பொருந்தாத பெரிய சுத்தியல். நட்டு முடித்ததும் றோட்டில் இறங்கி, காரில் போகிறவர் மாதிரிக் குனிந்து, போர்ட் தெரிகிறதா என்று பார்ப்பார். எனக்கு வாசிக்கத் தெரியாது. நிறம் தெரியும். போன தேர்தலிலும் இவர்தான் நட்டார்; அது வேறு கட்சியின் நிறம், இந்தமுறை வேறு. மருமகளுக்கு இதெல்லாம் பிடிக்காது. எனக்கோ ஒரு ஆள் வந்து தமிழில் கதைப்பதே கொண்டாட்டம். தேத்தண்ணி கொடுத்தேன்.

"தம்பி, நீங்கள் ஆருக்குப் போடுவியள்?"

"எனக்கு ஓட்டு இல்லை அம்மா. விசாவே இல்லை. திருப்பி அனுப்பப் போறாங்களாம்."

"பிறகேன் சுத்தியலோடை அலையிறியள்?"

"தேர்தலிலை வெண்டவர் ஒரு சொல்லுச் சொன்னால் இந்த நாட்டிலை நிக்க விடுவாங்கள் எண்டு ஒரு நினைப்பு."

"போனமுறை உங்கடை ஆள் வெண்டவரெல்லே?"

"ஓம், வெண்டவர். இப்ப ஆளைப் பிடிக்க ஏலாது. இந்தமுறை போர்ட்டிலை இருக்கிறவர் வெல்லமாட்டாராம். தோத்தவருக்கு எண்டாலும் என்னோடை கதைக்க நேரம் இருக்கும்தானே?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். தோற்றவர் சொல்லை யார் கேட்பார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் சாமி விளக்கை ஏற்றினேன். அந்த வேட்பாளர் வெல்லவேண்டும் என்று கும்பிடுவதா, தோற்கவேண்டும் என்று கும்பிடுவதா? ஒன்றும் கேட்கத் தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.