கிராம்பு எண்ணெயில் தூங்கிய கெண்டை

தொட்டி நிறைய ஆற்று நீர், அதில் சில சொட்டு கிராம்பு எண்ணெய். பிடித்த கெண்டையை அதில் விட்டால் முதலில் மிரண்டு சுற்றும். பிறகு வாலை அசைக்க மறந்து, மெல்லச் சாய்ந்து தூங்கிப்போகும். மீனுக்கு இமை கிடையாது. தூங்கும்போதும் விழித்த கண்ணோடு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பல்வலிக்கு வைக்கிற எண்ணெயில் மீன் இப்படிச் சொக்குவதை எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. கிராம்பு வாசம் வந்தால், பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும், எனக்கு மேடம் ஞாபகம்தான்.

மேடம் மீன் ஆராய்ச்சியாளர். அவருக்கு உதவியாளராகப் பல கோடைகள் நான் ஆற்றில் இறங்கியிருக்கிறேன். கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களில், திருப்பனந்தாளில் டீ குடித்துவிட்டு நீர் வற்றாத ஒரு மடுவுக்குப் போவோம். ஆற்றில் மிஞ்சிய மீனெல்லாம் புதுத்தண்ணீர் வரும்வரை அங்கேதான் ஒதுங்கியிருக்கும். வலையில் ஏறுவது பெரும்பாலும் எங்கிருந்தோ வந்து பெருகிய ஜிலேபி மீன்தான். இந்த ஆற்றுக்கே உரிய கருமுழிக் கெண்டை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. வந்த ஒன்றிரண்டும் தலை பெருத்து, முதுகு வற்றி இருந்தன. தூங்கும் மீனை அளப்போம், நிறுப்போம், செவுளைத் தூக்கி நிறம் பார்ப்போம், ஒரு செதிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிறகு மடுவில் இறங்கி, செவுளுக்குள் நீர் ஓடும்படி அதைக் கையில் ஏந்தி நடந்து தெளியவைப்போம். ஏன் மெலிகிறது என்று தெரிய ஈரலைப் பார்க்க வேண்டும். அதற்குக் கொல்ல வேண்டும். இருக்கிற கொஞ்சத்திலும் ஒன்றைக் கொல்ல மேடம் சம்மதிக்கவில்லை. தானாகச் செத்தால் அறுக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம். அப்படி ஒன்று அகப்படாமலே அவர் ஓய்வு பெறும் வருடமும் வந்துவிட்டது.

அந்தக் கோடையில் ஏறியது ஒரே ஒரு கருமுழி. பெரியது, சினையோடு இருந்தது, மெலிந்தும் இருந்தது. அளந்து முடித்தும் அது எழுந்திருக்கவில்லை. மேடம் இடுப்பளவு நீரில் அதை ஏந்திக்கொண்டு நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். வெயில் ஏறியது. கொக்குகள்கூட எங்களை மறந்து பக்கத்தில் வந்து நின்றன. குழந்தையைத் தூங்கவைக்க நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் எழுப்புவதற்காக நடந்துகொண்டிருந்தார்.

எங்களுக்கு வலை போட்டுத் தரும் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “போயிருச்சு மேடம். ஐஸ் பெட்டியில வெச்சிருவோம்.”

நான் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன். அத்தனை வருடக் கேள்விக்குப் பதில் அந்த வயிற்றுக்குள் இருந்தது. “விடுங்க மேடம். நீங்க ஒண்ணும் கொல்லலையே,” என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். “இது செத்துட்டா நல்லாருக்கும்னுதான் எனக்கும் தோணுது. அதனாலதான் கைய எடுக்க மாட்டேங்குறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று பெட்டியின் மூடியை டப்பென்று சாத்தினேன். கையில் இருக்கும் மீன் நம்மைத் தள்ளிவிட்டுப் போக வேண்டும், அதுவரை விடக்கூடாது என்று அவர் எப்போதும் சொல்வார். கடைசியில் அது வாலால் அவர் உள்ளங்கையைத் தள்ளியது. ஒரு கலங்கல், அவ்வளவுதான். “ஈரலும் போச்சு,” என்று வெறுங்கையைப் பார்த்துச் சிரித்தார் மேடம். அவருடைய கடைசி அறிக்கையில் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதினோம்.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் நான் ஆற்றை விடவில்லை. இந்தக் கோடையில் மடுவில் நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. மேடத்துக்குக் கும்பகோணத்தில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் மயக்கம் தெளியத் தாமதமாகிறது என்றார்கள். சட்டைகூட மாற்றாமல் ஓடினேன். வயசானவங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும் என்று நர்ஸ் சொன்னதை நான் நம்பவில்லை. பயந்துபோயிருந்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை என் கையில் ஏந்திக்கொண்டேன். மின்விசிறி சுற்றியது, ஜன்னல் திரை அசைந்தது, அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

வெகுநேரம் கழித்து அவர் கண் பாதி திறந்தது. “கிராம்பு வாசம் வருது. ஆத்துலேருந்தா வர்றீங்க?”

“ஆமா மேடம்.”

“கருமுழி ஏறுச்சா?”

“சின்னதா ஒண்ணு. மெலிஞ்சுதான் இருந்துச்சு.”

“முழிச்சுதா?”

“என்னைத் தள்ளிட்டுப் போயிருச்சு மேடம்.”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அவருடைய விரல்கள் என் உள்ளங்கையை மெதுவாகத் தள்ளின. அதன் பிறகுதான் நான் கையை எடுத்தேன்.