களுத்துறைக்குப் போகிற தண்ணீர்

குருவிட்டைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் ராமச்சந்திரனை உரக் கங்காணி என்றால்தான் தெரியும். மலைக்கு உரம் போடும் ஆட்களை ஓட்டுவது அவர் வேலை. வேலை முடிந்ததும் காலி உரப் பைகளை ஓடையில் அலசி ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைப்பதும் அவரே. அந்தப் பை இல்லாமல், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்தில் ஒரு குடும்பமும் நடக்காது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் கட்டுவது அதைத்தான், கூரை ஒழுகினால் மேலே விரிப்பதும் அதைத்தான். பையின் மூலைகளில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் குருணை ஓடையில் கரைவதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் கங்காணி கைவசம் பதில் வைத்திருப்பார்.

"ஓடுற தண்ணிதானேப்பா. எல்லாம் களுத்துறைக்குப் போயிரும்."

ஓடை குரு கங்கையில் விழுகிறது, குரு கங்கை களு கங்கையில் சேர்கிறது, களு கங்கை களுத்துறையில் கடலில் கலக்கிறது. இவ்வளவும் அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது. களுத்துறையைக் கண்ணால் பார்த்தவரில்லை. ஆனாலும் அந்த ஊரைத் தன் வீட்டுக் குப்பைக்குழி மாதிரி பாவித்து வந்தார். சவர்க்கார நுரையா, கோழிக் குடலா, எல்லாமே களுத்துறைக்குத்தான். அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு என்ன கெடுதல் செய்தார்களோ, தெரியாது.

இப்படியிருக்க, அவருடைய ஒரே மகள் கோகிலா ஓப்பநாயக்கத் தோட்டத்துப் பையன் தனுஷனை விரும்பிக் கட்டிக்கொண்டு, போயும் போயும் களுத்துறைக்கே குடிபோனாள். தனுஷன் அங்கே கழிமுகத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்குள் வலைக்கூடு கட்டிக் கொடுவா மீன் வளர்க்கிறான். கங்காணி எதிர்பார்த்திருந்தது ஒரு ஆபீஸ் மாப்பிள்ளையை. "மீன் புடிக்கிறவனா இருந்தாக்கூட பரவாயில்ல. இவன் மீனுக்குச் சோறு போடுறவன்" என்று சொல்லிவிட்டு மருமகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். லயத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? "கங்காணி, நீங்க அனுப்புறது எல்லாமே களுத்துறைக்குத்தானே போவும். மகளும் போயிருச்சு, அதுக்கு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று தண்ணீர் கொட்டும் பீலியடியில் குளிக்க வந்தபோதெல்லாம் வம்புக்கு இழுத்தார்கள்.

இப்போது கோகிலாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அவர் மனைவி பாக்கியம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"புள்ளய கூட்டிக்கிட்டு வாங்க. தனியா வந்தீங்கனா வீட்டுக்குள்ள ஏற வேணாம்" என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கங்காணி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். மகளிடம் மட்டும் பேசுவது, மருமகன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. மகள் வர மறுத்துவிடுவாளோ என்ற பயத்தை மட்டும் ஒத்திகையில் சேர்க்கவில்லை. அது தானாகவே கூட வந்தது.

"வாங்க மாமா" என்றான் தனுஷன், ஆற்றங்கரை வீட்டு வாசலில் நின்று.

"குடிக்கத் தண்ணி தரச் சொல்லு புள்ள" என்றார் கங்காணி, மகளிடம்.

தண்ணீர் வருவதற்குள் ஆற்றுப் பக்கம் திரும்பினார். கடலை நோக்கிப் போயிருந்த நீர்ச்செடிக் கூட்டமொன்று நிதானமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னா இது, ஆறு ரிவர்ஸ்ல போவுது?"

"கடல் ஏறுதுப்பா. தெனமும் இப்படித்தான். போன தண்ணி திரும்பி வரும்" என்றாள் கோகிலா. கங்காணி கரையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். போனது திரும்பி வரும் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

வந்த காரியத்தைச் சொன்னார். கோகிலா தலையாட்டவில்லை. ஆறு பச்சை பிடித்துப் போயிருக்கிறது, விடியற்காலையில் மீன்கள் மூச்சுமுட்டி மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, புருஷனை இப்படித் தனியே விட்டுவிட்டு வர முடியாது என்றாள்.

"தண்ணி ஏன் பச்சையாவுது?"

"மேல தோட்டத்துலயும் வயல்லயும் போடுற உரம் மழையோட கரைஞ்சு வருதாம். அதத் தின்னு பாசி பெருத்துப் போவுது. பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரியில தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் பாசியே இழுத்துக்கும். மீனுக்கு என்னா மிஞ்சும்?"

கங்காணி தண்ணீரைக் குடித்து முடிக்காமல் கீழே வைத்தார். அன்றிரவு மகள் வீட்டிலேயே தங்கினார்.

விடிவதற்கு முன் தனுஷனின் சத்தம் கேட்டு ஓடினார். கூட்டுக்குள் மீன்கள் மேலே வந்து திணறிக்கொண்டிருந்தன. தண்ணீரில் காற்று ஏறட்டும் என்று தனுஷன் துடுப்பால் அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தான். கங்காணி வெள்ளை வேட்டியோடு, கூட்டைச் சுற்றிப் போட்டிருந்த பலகையில் இறங்கி, வாளியில் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கிக் கூட்டுக்குள் ஊற்றத் தொடங்கினார். மலையில் ஆட்களை வேலை வாங்கிய பழக்கம் சும்மா இருக்குமா? "அந்தப் பக்கம் அடிங்க மாப்ள! மூலையில கெடக்குது பாருங்க, மூலையில!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கரையில் நின்ற கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடல் ஏறத் தொடங்கிப் புதுத் தண்ணீர் உள்ளே வந்த பிறகுதான் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சில செத்து மிதந்தன. மற்றதெல்லாம் பிழைத்தது. மூன்று பேரும் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

"அந்த உரம் நம்ம ஓடையில இருந்தும் வருது. பை கழுவச் சொல்றது நாந்தான்" என்றார் கங்காணி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

தனுஷன் சிரித்துவிட்டான். "மாமா, மேல எத்தன தோட்டம், எத்தன வயல், எத்தன டவுன் இருக்கு. இந்த ஆத்துல உங்க பை எம்மாத்திரம்?"

கங்காணிக்குச் சுருக்கென்றது. தப்பை ஒத்துக்கொண்டால் அதையும் சின்னதாக்கிவிடுகிறானே இந்தப் பையன் என்று கோபம்கூட வந்தது.

"எம்மாத்திரம்னு யாரும் கேக்கலப்பா. நீங்க பண்றத நீங்க நிறுத்துங்க. நிறுத்துனா அவரே மீனப் பாத்துக்குவாரு, நான் வாறேன்" என்றாள் கோகிலா. தன் போனை எடுத்து நீட்டினாள். "இப்பவே சொல்லுங்க."

தோட்டத்தில் அவருக்கு அடுத்த ஆள் பிரதீபன் போனை எடுத்தான். அவன் குரலுக்குப் பின்னால் ஓடை இரைந்தது.

"பிரதீபா, எங்க நிக்கிற?"

"ஓடையிலதாங்க. நேத்து மிச்சமான பையக் கழுவுறோம்."

"கழுவாத. மேல தூக்கிரு."

"மேல தூக்கி? பைய என்னாங்க செய்ய?"

கங்காணி மகளைப் பார்த்தார். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலப்பா" என்றார். "யோசிச்சு வை. நான் எம்மகளக் கூட்டிக்கிட்டு வாறேன்."