சுவீடனைப் பற்றி நான் சொன்ன சொல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அருப்புக்கோட்டை நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தே உலகத்தை அறிந்துகொண்டேன். அதனால் எங்கள் ஊரான பரளச்சியில் எந்தச் சீமையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் என்னிடமே கேட்பார்கள். அந்த மதிப்பில் எனக்கு ஒரு மயக்கம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுப் பையன் சுவீடனில் கணினி வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன் பெண்வீட்டார் சொல்லாமல் வந்து, மாப்பிள்ளையின் ஊரில் நாலு பேரிடம் விசாரித்துப் போவது வழக்கம். அவ்வாறே பெண்ணின் தந்தையார் காரியாபட்டியிலிருந்து வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் என்னைக் கைகாட்டினார்கள்.

"பையன் எப்படி, அவுக இருக்கிற சீமை எப்படி? ரெண்டையும் நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. எனக்கு ஒத்தப் பிள்ளை," என்றார்.

நான் இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். அந்நாட்டார் தம் நாட்டைச் சுவேரியே என்றே அழைப்பர், சுவேயர் என்னும் பழைய குடியினரின் அரசு என்பது அதன் பொருள் என்று தொடங்கினேன். முதியோரை அங்கே அரசே பார்த்துக்கொள்ளும் என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். மணம் செய்யாமலே சேர்ந்து வாழ்வார்கள், பிள்ளையும் பெறுவார்கள், மணவிலக்கு அங்கே பெரிய விஷயமில்லை என்று எப்போதோ ஒரு பழைய வார இதழில் படித்ததையும் அடுக்கினேன். அவர் பாதி டீயிலேயே எழுந்து போனார். சம்பந்தம் நின்றது.

இரண்டு மாதம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் பையனின் தாயார் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்தச் சீமையப் பத்தி அம்புட்டுச் சொன்னீகளாமேண்ணே. எம்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையா?"

சொல்லவில்லை. பிறந்த நாள்முதல் அவனைப் பார்த்து வருகிறேன். தாய் கால் முறிந்து கிடந்தபோது, கல்லூரி முடித்த பிள்ளை, அவர் சேலைகளைத் தானே துவைத்துத் தெருவில் கொடி கட்டிக் காயப்போட்டான். கேலி செய்த கூட்டாளிகளிடம், "ஏலே, எங்கம்மா சேலைதான," என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பிழிந்தான்.

மறுநாளே காரியாபட்டிக்குப் போய் இதைச் சொன்னேன். பெண்ணின் தந்தையார் கடைசிவரை கேட்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, சீமை எப்படி இருந்தா எனக்கென்ன?"

பிறகு உள்ளே போய், மகளின் கல்யாண அழைப்பிதழைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை மதுரையாம். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். நான் அங்கே போய்வந்ததைப் பையனின் தாயாரிடம் இதுவரை சொல்லவில்லை.