டிலானியின் நெஞ்சுச் சத்தம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் டிலானியின் இதயம் துடிப்பது பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் கேட்கும். தாய்மார் கொழுந்து எடுக்கப் போனபிறகு எந்தக் குழந்தையாவது வீரிட்டால், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். டிக், டிக் என்ற சத்தத்தில் அது கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். பெரியவர்கள்தான் முகம் சுளித்தார்கள்.

சின்ன வயதில் வந்த வினை அது. முதலில் தொண்டைப்புண். பின்னாலேயே காய்ச்சலும் முழங்கால் வீக்கமும். கைமருந்தோடு விட்டுவிட்டார்கள். காய்ச்சல் போனது, போகிற போக்கில் இதயத்தின் இடப்பக்கத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. வருடங்கள் ஓட ஓட வால்வு தடித்துப்போய்ச் சரியாகத் திறக்க மறுத்தது. நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தம் கீழறைக்கு இறங்க வழியில்லாமல் வந்த பக்கமே தேங்கியது. மேட்டு லயத்தில் இருந்த வீட்டுக்கு ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது, படுத்தால் இருமல் பிடுங்கியது. கடைசியில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே இந்தச் சத்தமும் வந்தது.

அம்மா றீட்டாவுக்கு மகள் பிழைத்ததே பெரிது. ஆனாலும் ஊர் வாய்க்குப் பயம். யாராவது வந்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

தெமோதரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் அப்படித்தான் வைத்தாள். மாப்பிள்ளை றொபின்சன் பதுளை டவுனில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். அவனும் அவன் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருக்க, ரேடியோ அலறியது. பேசுவது ஒருவருக்கும் சரியாகக் கேட்கவில்லை. டிலானி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நேரே போய் ரேடியோவை நிறுத்தினாள்.

றீட்டாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மணிக்கூடா அது? எங்க இருக்கு?" றொபின்சனின் அம்மா கண்ணால் சுவரைத் துழாவினாள்.

"மணிக்கூடு இல்லீங்க. என் நெஞ்சு."

"சின்ன வயசுல காய்ச்சல்னுதானே சொன்னாங்க?"

"காய்ச்சல்ல கெட்டத ஆபரேசன் பண்ணி மாத்தியிருக்காங்க. ரத்தம் ஒடம்பெல்லாம் சுத்திட்டு நெஞ்சுக்கு வரும். அங்கருந்து நுரையீரலுக்குப் போயி, திரும்ப நெஞ்சுக்கு வந்துதான் மறுபடி ஒடம்புக்குப் போகும். வந்த வழியே திரும்பிடாம இருக்கத்தான் உள்ள நாலு கதவு. அதுல என் கதவு ஒண்ணு செஞ்சு வச்சது. மூடுறப்ப சத்தம் போடுது. ரத்தம் ஒறையாம இருக்க தெனம் மாத்திர போடணும், கடைசி வரைக்கும்."

"இந்தச் சத்தத்த வச்சுக்கிட்டு எப்பிடிம்மா குடும்பம் நடத்துவ?"

"ஒங்க மகன் நெஞ்சுல காத வச்சுப் பாருங்க, அங்கயும் கதவு மூடுற சத்தந்தான் கேக்கும். எனக்கு வெளிய கேக்குது, அவ்வளவுதான்."

"பிள்ள பெத்துக்க முடியுமா?"

"டாக்டர் சொல்றபடிதான். கஷ்டம்னுதான் சொல்றாங்க. மறைச்சு ஒருத்தர் வீட்டுக்கு நான் வரமாட்டேங்க."

றொபின்சன் தரையைப் பார்த்தபடி இருந்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் அம்மாவும் மகனும் எழுந்து போய்விட்டார்கள். "வந்த வாழ்க்கைய நீயே கெடுத்துக்கிட்டியே" என்று றீட்டா அன்று முழுக்க அழுது தீர்த்தாள். டிலானிக்கும் உள்ளே வலித்தது. செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து, பிள்ளைகளுக்கு அவள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது றொபின்சன் போன் பண்ணினான்.

"அம்மா சம்மதிச்சிட்டாங்க. சொந்தக்காரங்களுக்கு மட்டும் தெரிய வேணாமாம். கேட்டா, கையில கட்டியிருக்க மணிக்கூடுன்னு சொல்லிடலாமாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கும் அதுதான் நல்லதாப் படுது."

"அன்னைக்கு ஒங்கம்மா கேட்டப்பவும் நீங்க வாய் தொறக்கல. இன்னைக்குத் தொறந்தீங்க, அதுவும் பொய் சொல்ல. எனக்கு வேணாங்க."

போனை வைத்தபோது இதயம் வேகமாக அடித்தது. காம்பரா முழுக்கக் கேட்டது. அவள் அடுத்த பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி றீட்டாவை நிறுத்தி, "பாவம், மாப்பிள்ள வீடு வேணாம்னு போயிட்டாங்களாமே?" என்று இழுத்தாள்.

றீட்டா மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"யாரு சொன்னா? எம் மகதான் வேணாம்னுட்டா."