பூப்போடாத பரிசு

அத்தையின் வீட்டை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது ஒரு மலையாள வாரப் பத்திரிகையில்தான். அப்போது நான் ஆறாம் வகுப்பு. மட்டாஞ்சேரி பஜாரில் அப்பாவுக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை; கடைக்கு மேலேயே வீடு. அப்பாவின் ஒரே தங்கை, ஆலுவாக்காரரான ஓர் ஆர்க்கிடெக்டைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மாமா கிறிஸ்தவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சைவக் குடும்பம். அந்த நாலு வருஷத்தில் அப்பா அத்தையின் பெயரைச் சொன்னதே இல்லை. சொல்லியே தீர வேண்டிய இடத்தில் ‘அவ’ என்பார்.

டிசம்பர் தொடக்கத்தில் அத்தையிடமிருந்து அம்மாவுக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. கிறிஸ்துமசுக்கு எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். அம்மா அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா படித்துவிட்டு, “போறதுன்னா நீங்க போங்க. எனக்குக் கடை கெடக்கு” என்றார். போகக் கூடாது என்று சொல்லவில்லை. அதுவே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

வெறுங்கையோடு போக முடியாது. நாலு வருஷம் கழித்துப் போகிறோம் என்பதால் எதையாவது கொண்டுபோகவும் முடியாது. அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு டைலரின் மனைவி அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா தனக்காகக் கட்டிய வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு மலையாளம் பேசத்தான் வரும். நான் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். ஆகவே நான் வாசிக்க, அவள் கேட்டாள்.

படத்தில் ஒரு நீளமான அறை. சுவரில் சாமி படமோ காலண்டரோ இல்லை. தாழ்வான ஒரு மரப் பலகை, அதன் மேல் ஒரு விளக்கு, அவ்வளவுதான். “இன்னும் சாமான் வந்து எறங்கலையோ?” என்று அம்மா கேட்டாள். எல்லாம் வந்து இறங்கிய பிறகு எடுத்த படம்தான் என்று கீழே எழுதியிருந்தது. மாமா சொன்னதாக ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: எங்கள் வீட்டில் பூவைச் செடியில் மட்டும்தான் பார்க்கலாம்.

அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதோடு, மாமாவின் ரசனை தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

சனிக்கிழமை பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் பரிசு தேடிக் கிளம்பினோம். முதல் கடை ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். மாடர்ன் ஆட்களுக்கு ஒரு சாமான் வேண்டும் என்று அம்மா சொன்னதும் கடைக்காரர் உற்சாகமாகி, உள்ளேயிருந்து ஒரு மயில் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். பட்டனை அழுத்தினால் தோகையில் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிந்தது.

“சேச்சி, இது கல்ஃபுலேர்ந்து வந்ததாணு. இதைவிட மாடர்ன் கொச்சியில இல்ல.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அடுத்து சிப்பியில் செய்த தாஜ்மஹால் வந்தது. அதற்கும் ஆட்டினேன். கண்ணாடிக்குள் வைத்த பிளாஸ்டிக் ரோஜா வந்தபோது, “அவங்க வீட்ல பூ கூடாது” என்றேன். வீட்டில் துக்கமா என்று கடைக்காரர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

யூதத் தெருவில் பழைய சாமான் விற்பவர் வேறு மாதிரிப் பேசினார். “மாடர்ன் ஆளுகதானே அம்மா இப்ப பழைய சாதனம் வாங்குறது!” என்று என் உயரத்துக்கு இருந்த ஒரு சீனப் பீங்கான் பரணியைத் தட்டிக் காட்டினார். ஊறுகாய்ப் பரணியைத் தூக்கிக்கொண்டு ஆலுவா பஸ்ஸில் ஏற முடியாது என்று அம்மா திரும்பிவிட்டாள். அன்று ஏழு கடை ஏறி இறங்கினோம். ஏழிலும் தலையாட்டியது நான்தான். கடைசியில் அம்மாவுக்குக் கால் வலியும் கோபமும் சேர்ந்து வந்தன. “ஏட்டி, அந்த மனுஷன் காத்தைத்தான் பொட்டலம் கட்டிக் கேப்பாரு போல” என்றாள்.

அந்தப் பத்திரிகையைக் கடை மேசையில் போட்டுவிட்டு அம்மா மாடிக்குப் போனாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா அதை எடுத்து விரித்தார். ஒரு படத்தின் ஓரத்தில் ஜன்னலைத் திறந்தபடி அத்தை நின்றிருந்தாள்; பாதி முகம்தான் தெரியும். அப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து உள்ளே போய், மேல் தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் ஜக்கை இறக்கித் துடைத்தார். அதில் கோடு, வளையம், பூ எதுவும் கிடையாது. நேராக எழும்பி, வாயில் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். ஆஸ்பத்திரி ஜக்கு மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் வாங்காமல் கிடந்த சரக்கு.

“இது அங்க நிக்கும்” என்றார்.

முதல்முறையாக நான் தலையாட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் பாத்திரம் கொடுத்தால் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். கடை வாசலில் பெயர் வெட்ட வல்லார்பாடம் தீவுக்காரர் ஒருவர் உளியும் சிறு சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுதிக் கொடுத்தால் பார்த்து அப்படியே வெட்டுவார். கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அப்பா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஜக்கோடு சேர்த்து என்னிடம் கொடுத்து அவரிடம் அனுப்பினார். சீட்டில் இரண்டே வரி. ‘அன்புத் தங்கைக்கு, அண்ணன்.’

எனக்குப் பதறிவிட்டது. ஊரெல்லாம் அலைந்து கிடைத்த ஒரே மாடர்ன் சாமான். அதில் போய்க் கொத்துக் கொத்தாக எழுத்தா! சீட்டைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“எந்தா மோளே, பேரு எழுதண்டே?” என்றார் அவர்.

“வேண்டாம் சேட்டா. பொதிஞ்சு தந்தா போதும்.”

அவர் பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார். வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மாவும் நானும் படகில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் ஆலுவா போனோம். அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். “கடை இருக்கு பிள்ள” என்றாள் அம்மா.

மாமா பொட்டலத்தைப் பிரித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இது எவிட இருந்து கிட்டி? என்ன ஒரு ஷேப்பு!” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தத் தாழ்ந்த பலகையின் மேல் வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். நான் அம்மாவைப் பெருமையோடு பார்த்தேன்.

அத்தை மட்டும் அதைக் கையில் எடுத்து வேறு மாதிரிப் பார்த்தாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் விரலால் தடவினாள். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வாயோரம் பார்த்தாள்.

“என்ன தேடுதே?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் இல்ல மைனி.”

“பேரா? வெட்டச் சொல்லிக் குடுத்தாங்களே.” அம்மா ஜக்கை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

நான் பயப்படவே இல்லை. “நான்தான் வேண்டாம்னேன். இவங்க வீட்ல எதுலயும் எழுத்து, பூ ஒண்ணும் கூடாதுல்லா?” என்றேன். மாமா கைதட்டிச் சிரித்தார். பெரியவளானதும் என்னைத் தன் ஆபீசில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அத்தை சிரிக்கவில்லை. “அண்ணன் என்ன எழுதியிருந்தாங்க?” என்று கேட்டாள்.

“அன்புத் தங்கைக்கு, அண்ணன்.”

“என்னது?”

மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். பக்கத்தில் ஆறு இரைந்துகொண்டிருந்தது; காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கத்திச் சொன்னேன். அத்தை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. அம்மாவும் பின்னாலேயே போனாள். கேக்கை நானும் மாமாவும் மட்டும் தின்றோம்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், அத்தையும் மாமாவும் பஜாரில் நடந்து வந்தார்கள். அத்தையின் கையில் அந்த ஜக்கு. நேராகக் கடைக்குள் ஏறி அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

“அண்ணே, இதுல பேரு விட்டுப்போச்சு.”

அப்பா ஜக்கைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். வாசலில் பெயர் வெட்டுகிறவர் இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் இன்னும் வரவில்லை. நாளைக்கு வா என்று அப்பா சொல்லியிருக்கலாம். அவர் வாசலுக்குப் போய், பெயர் வெட்டுகிறவரின் மணையில் தானே உட்கார்ந்து உளியை எடுத்தார். அவருக்குக் கை அவ்வளவு வராது. முதல் எழுத்திலேயே ஜக்கு உருண்டது.

“நான் பிடிச்சுக்கலாம் அண்ணாச்சி” என்று மாமா தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஜக்கை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

அப்பா ஒவ்வொரு எழுத்தாக வெட்டினார். எழுத்துகள் கோணலாக ஏறி இறங்கின. மாமா எப்படியும் தடுத்துவிடுவார் என்று கடைசி எழுத்து வரை காத்திருந்தேன். அவர் தடுக்கவில்லை. முடிந்ததும் உலோகத்தூளைத் தன் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்திரிகையில் அவ்வளவு பேசியவருக்குச் சொன்ன சொல்லில் நிற்கத் தெரியவில்லையே என்று, அவர்கள் காபி குடித்துவிட்டுப் போகும்வரை நான் மாடியிலிருந்து இறங்கவே இல்லை.