எஸ்தரம்மா சொல்லாமல் போன இரண்டு பக்கம்

செய்தியைக் கொண்டுவந்தவர் கண்டக்டர் மாரிச்சாமி. இராஜபாளையத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அச்சகத்துக்கு எதிரே நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். நான் பால்கோவாப் பெட்டிக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, எஸ்தரம்மா காலையில போயிட்டாவ" என்றார். மிஷினை நிறுத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போகப் போனவர் நின்று, "அப்போ அந்தக் கதையில கொன்னது யாரு அண்ணாச்சி? கடைசி வரைக்கும் சொல்லலியா?" என்று கேட்டார். சாவுச் செய்தி சொல்ல வந்தவர் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நிமிஷம் எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடியது.

எஸ்தர் பாக்கியத்தின் துப்பறியும் நாவல்களைப் படித்த உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எண்பதுகளின் தொடக்கத்தில் துப்பறியும் கதை என்றால் சென்னையில் ஆரம்பித்து பம்பாயில் முடியும். நடுவில் இரண்டு கார்கள் துரத்திக்கொள்ளும். எஸ்தரம்மாவோ பேண்டேஜ் கம்பெனியில் தரம் பார்க்கிற தங்கபுஷ்பம் என்ற நடுவயதுப் பெண்மணியைத் துப்பறிய விட்டார். தங்கபுஷ்பத்துக்குக் கார் கிடையாது. டவுன் பஸ்ஸில் போய்த்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். பஸ் வராவிட்டால் அவன் தப்பித்துவிடுவான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இப்படி எழுதி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முதல் கைப்பிரதியோடு அவர் வந்தபோது, "நம்ம ஊர்ல கொலை விழுந்தா எவம்மா காசு குடுத்துப் படிப்பான்?" என்று கேட்டேன். "மெட்ராஸ்லதான் சாகணும்னு சட்டமா அண்ணாச்சி? நம்ம ஊர்லயும் நல்லாத்தானே சாகுதாக" என்றார். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த நான் பதிப்பாளன் ஆனது அந்தப் பதிலால்தான்.

அந்த முதல் புத்தகத்தில் ஒரு கூத்து நடந்தது. எங்களிடம் அச்சுக்கோக்கும் முத்தையா தங்கமான மனுஷன்; வாய் மட்டும் நிற்காது. கடைசி அத்தியாயத்தைக் கோத்த அன்றைக்கே டீக்கடையில் போய்க் கொலையாளி யார் என்று சொல்லிவிட்டான். புத்தகம் இன்னும் பைண்டிங்குக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் எஸ்தரம்மாவிடமே, "அந்த டாக்டருதானாமே கொன்னது? டாக்டரா இருந்துக்கிட்டு இப்பிடிச் செய்யலாமாக்கா" என்று வருத்தப்பட்டிருக்கிறாள்.

எஸ்தரம்மா முத்தையாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த புத்தகத்திலிருந்து கடைசி இரண்டு பக்கத்தை எழுதிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். மற்ற பக்கங்கள் எல்லாம் அச்சாகி முடிந்ததும் மாரிச்சாமியிடம் சொல்லி அனுப்புவேன். அடுத்த லீவு நாளில் வருவார். முத்தையாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, எனக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மனசிலிருந்தே சொல்லுவார். சொல்லச் சொல்ல நான் ஈய எழுத்துகளை எடுத்துக் கோப்பேன். கொலையாளியின் பெயர் வருகிற இடத்தில், அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும், குரலைத் தாழ்த்திக்கொள்வார். பிறகு, "பஸ்ஸில வாரப்போ ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டே வாரேன் அண்ணாச்சி. எல்லாருகிட்டயும் கொலை பண்ண ஒரு காரணம் இருக்கு. பண்ணாம இருக்காகளே, அதான் அதிசயம்" என்று சிரிப்பார். அவருக்கு அடுத்தபடியாக அந்தப் பெயரைத் தெரிந்துகொள்கிறவன் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

அவருடைய கடைசி நாவலில் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் பிணம் கிடக்கும். மேஸ்திரி, மானேஜர், மானேஜரின் மனைவி, லாரி டிரைவர், கம்பவுண்டர் என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். இரண்டு பக்கம் தவிர எல்லாம் அச்சாகித் தாள்களை அடுக்கிவிட்டேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மிஷின் மேல் சாய்ந்துவிட்டார். வாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

பார்க்கப் போனபோது என்னைக் கண்டதும் இடது கையை ஆட்டி ஆட்டி அழைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். அவருக்கு நினைவு தப்பவில்லை, கதை உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. வாயைத் திறந்தால் "பஸ்... பஸ்..." என்று மட்டும் வந்தது. பென்சிலைக் கொடுத்தோம், இடது கை வெறும் கோடு கோடாக இழுத்தது. அவரைப் பார்த்துக்கொண்ட தங்கை கிருபா, "விடுக்கா, பொறவு சொல்லலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்தரம்மா விடவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. சர்ச்சுக்குப் போனால் வாசலிலேயே அவர் குரல் கேட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிசகவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஓடிப்போய், "அம்மா, பேச்சு வந்துட்டே! சொல்லுங்கம்மா, யாரு?" என்றேன். வாயைத் திறந்தார். "பஸ்..." என்றார். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். பழகின பாட்டு வரும், சொந்தப் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதாகக் கிருபா சொன்னாள். அப்படி ஒரு நோய் இருக்கும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றைக்கு வீட்டில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தேன். "மேஸ்திரியா?" தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. உறுதி செய்துகொள்ளலாம் என்று "மானேஜரா?" என்றேன். அதற்கும் தலையாட்டினார். ஐந்து பேருக்கும் ஆட்டினார். ஆகாது என்று தெரிந்து, கடைசியில் "அப்போ நானா?" என்றேன். அதற்கும் ஆட்டிவிட்டுச் சட்டென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார். என்ன செய்வது என்று தெரியாமல் விசிறியை எடுத்து வீசினேன்.

"நீங்களே முடிச்சு விட்டுருங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்று மதுரை விற்பனையாளர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஆசையும் யாரை விட்டது? மானேஜரின் மனைவியைக் கொலையாளியாக்கி இரண்டு பக்கம் எழுதி, அவரிடமே கொண்டுபோய் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் இடது கையால் தாளை வாங்கி, மடித்து, என் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் நான் பேனாவைத் தொடவில்லை. வாரம் தவறாமல் போனேன், அவ்வளவுதான். போய் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை.

அடக்கத்துக்கு மில் ஆட்களும் சர்ச் ஆட்களும் வாசகர்களும் வந்திருந்தார்கள். முகம் தெரியாதவர்கள்கூட என்னை ஓரமாக அழைத்து, "உங்களுக்குத் தெரியும்ல அண்ணாச்சி? எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார்கள். தெரியாது என்றால் யாரும் நம்பவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது முத்தையா பின்னாலேயே நடந்து வந்தான். இவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும் உடைந்து அழுதான். "அன்னைக்கு நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா எழுதியே குடுத்திருப்பாவளே அண்ணாச்சி. இல்ல, என்கிட்டயாவது சொல்லியிருந்தா இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சிருக்குமே" என்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அச்சான தாள்களைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பழைய பேப்பர்காரனுக்குப் போடவும் மனசில்லை, பைண்டிங்குக்கு அனுப்பவும் வழியில்லை. அவர் உட்கார்ந்த ஸ்டூல் அதே இடத்தில் இருக்கிறது. முதல் புத்தகம் தவிர அவருடைய மற்ற எல்லாப் புத்தகங்களின் முடிவும் என் விரல் வழியாகப் போனதுதான். அந்தப் பெயர்களைத் தாழ்ந்த குரலில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த ஒரு பெயர் மட்டும் என்னிடம் இல்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கலாம். ஆனால் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.