ரிப் துணி நாடா

வேலம்பாளையம் பஸ் ஸ்டாப்பில் இன்று வேஸ்ட் துணி மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. மூட்டையிலிருந்து ஒரு ரிப் துணி நாடா தொங்கியது. பனியன் கழுத்துப்பட்டிக்கு வெட்டியதில் மிஞ்சியது. புதுத்துணி வாசனை வேறு. வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்த வாசனைதான் சோறு போட்டது, குறை சொல்லக்கூடாது. பனியன் கம்பெனியில் நான் செக்கிங், வீட்டுக்காரர் கட்டிங். குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவரை ஒட்டி அப்போது நிட்டிங் கம்பெனி, துணி பின்னும் மிஷின் ராப்பகலாக ஓடும். அந்தச் சத்தத்தில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வதே கத்திக்கொள்வது போலத்தான் இருக்கும். "ஏனுங்க, சண்டைங்களா?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மகள் மலருக்கு அப்போது ஆறு வயது. எந்நேரமும் வாயைத் திறந்தபடியே இருப்பாள். நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். வகுப்பில் தூங்கி வழிவாள். எழுப்பினால் பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பாள். டீச்சர் கூப்பிட்டனுப்பி, "தப்பா நெனைக்காதீங்க, பாப்பாவுக்கு மூளை வளர்ச்சி பத்தாதுங்க. வேற ஸ்கூல் பாருங்க" என்றார். அன்றைக்குக் கம்பெனிக் கழிவறையில் நின்று அழுதேன். நான் வேண்டாத சாமி இல்லை.

பக்கத்து வீட்டுச் சரசக்காதான் வழி சொன்னது. "வாயத் தொறந்தே வெச்சிருந்தா மந்தமாத்தான் தெரியும் கண்ணு. தூங்கறப்ப தாடையக் கட்டி உடு, பழகிக்கும்." பெரிய புத்திசாலி நான், கம்பெனியில் மெத்தென்ற நாடாவாகத் தேடிப் பொறுக்கி வந்தேன். தாடையோடு தலையைச் சுற்றிக் கட்டினேன். பிய்த்து எறிந்தாள். அடித்துக் கட்டினேன். விழித்திருக்கும்போது வாய் திறந்தாலும் ஓர் அடி. "மூடுடி!"

தீபாவளிக்கு எப்போதும் ஊருக்குப் போய்விடுவோம். அந்த வருஷம் போகவில்லை. மிஷினெல்லாம் லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாடாவைக் கட்டி அவளைப் படுக்கவைத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை. அன்றைக்குத்தான் ஐயோ, என் பிள்ளை மூச்சுவிடுவதை நான் கேட்டேன். கர் கர்ரென்று இழுத்தது. பிறகு நின்றேபோனது. நெஞ்சுக்குழி உள்ளே போகிறது, காற்று வரவில்லை. முடிச்சு அவிழவில்லை; பல்லால் கடித்து இழுத்தேன். விலுக்கென்று மூச்சிழுத்து அழுதாள்.

"மூக்குக்குப் பின்னாடி சதை வளந்து அடைச்சிருக்குதுங்க" என்றார் டாக்டர். "தூக்கமில்லாத புள்ள பாடத்த எப்படிங்க கவனிக்கும்? வாயில மூச்சு உட்டுத்தான் சமாளிச்சிருக்குது." நாடாவைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆபரேஷன் செய்தோம். மூச்சு சீரானது, கடிப்பது நின்றது. படிப்பு மெதுவாக வந்தது, ஆனாலும் வந்தது.

இப்போது அந்த நிட்டிங் கம்பெனி இல்லை, இடம் மாற்றிவிட்டார்கள். லைன் வீட்டில் யார் என்ன பேசினாலும் தெருவரை கேட்கிறது. அடுத்த பஸ் பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது மலர் சிரிப்பதும் கேட்டது. பத்தொன்பது வயசுப் பெண், போனில் யாரிடமோ பேசிக் கெக்கெக்கென்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் தலையைக் கண்டால் உதடு டக்கென்று மூடிக்கொள்ளும். பதின்மூன்று வருஷமாக அப்படித்தான்.

செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.